தாயின் தட்டும் தந்தையின் பொறுப்பும்



பிள்ளைக்கு ஓதலும் படிப்பும் ஏறவில்லை என்று குறைபட்டுக் கொள்கிறோம். ஆனால் அப்பிள்ளையின் மூளை வளரத் தொடங்கியது மதரஸாவில் அல்ல, தாயின் கருவறையில்.

கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிக் கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறியுமுன்பே அது நடந்து விடலாம். ஆகவேதான், குழந்தையை எதிர்பார்க்கும் பெண் முன்கூட்டியே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரும்புச் சத்தும் அயோடினும் குறைந்தாலும் சிசுவின் மூளை பாதிக்கப்படும். பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருப்பது, இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகி விடுகிறது.

அந்த இரண்டாண்டுகளைத்தான் பாலூட்டலின் முழுக் காலமாக இறைமறை (2:233) குறிப்பிடுகிறது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையை அதே வசனம் தந்தையின் மீது வைக்கிறது. தலாக் சொல்லப்பட்டவள் கர்ப்பிணியாக இருந்தால், பிரசவம் வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்கிறது 65:6. பிரிந்து போகிறவளுக்கே இந்த உரிமை என்றால், வீட்டோடு இருப்பவளுக்கு எவ்வளவு உரிமை உண்டு!

நம் வீடுகளில் நடப்பதென்ன? எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் ஒட்டியிருக்கும் ஆணம்தான் கர்ப்பிணிக்கு. ரமளானிலோ, மாமியார் என்ன நினைப்பாரோ என்று மயங்கி விழும் வரை நோன்பு நோற்கிறாள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அவள் பின்னர் களாச் செய்யலாம். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா போதும். அல்லாஹ் தந்த சலுகையை நாம் பறிக்கலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைகளில் விற்கும் சுர்மாக்கள் சிலவற்றில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. ஈயம் பிஞ்சு மூளைக்கு நஞ்சு. சுர்மா இடுவது சுன்னத்துதான். ஆனால் ஈயத்தைக் குழந்தையின் கண்ணில் தீட்டுவது சுன்னத்தல்ல. தகப்பனாரின் சிகரெட் புகையும் அப்படியே தீங்கானது.

ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் வட்டாரத்துத் தாய்மார்களே! இவையெல்லாம் எட்டாத செலவுகளல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. முருங்கைக்கீரையும் முட்டையும் அயோடின் உப்பும் நம் கைக்கெட்டியவை. வளைகுடாவிலிருந்து கணவர் அனுப்பும் பணத்தில், நகைக்கு முன்னால் மனைவியின் தட்டு நிறையட்டும்.

குழந்தையோடு பேசுங்கள், கொஞ்சுங்கள். பேச்சும் அன்பும் மூளைக்கு உணவே. நாயகம் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள் அல்லவா!

குழந்தை அல்லாஹ்வின் அமானிதம். அதைக் கருவிலிருந்தே பேணிக் காக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.