மஞ்சள் கோடும் மலைமேல் சாட்சியும்

தாம்பரத்தில் வசிக்கும் என் சிநேகிதர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், பிறர் க்ஷேத்திராடனம் போகும் சிரத்தையோடு, ஞாயிறுதோறும் மின்சார ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கி, திரிசூலநாதரைத் தரிசித்துவிட்டு, பக்கத்துக் குன்றின்மேல் ஏறி, எதிரே விரிந்து கிடக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தைப் புகைப்படம் எடுத்து வருகிறார். விமானங்கள் மேலெழும் காட்சியில் அவருக்கு நாட்டமில்லை. அவை வந்து நிற்கும் காங்கிரீட் தளமும், அதன்மேல் தீட்டிய கோடுகளுமே அவருக்கு விஷயம்.

கோடுகள் என்றால் லேசானவை அல்ல. ஓடுபாதையில் வெள்ளை, அதற்கு இட்டுச்செல்லும் டாக்ஸிவேயில் மஞ்சள். ஒரே பிரதான ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் நாமம். காந்தவூசி காட்டும் பாகையைக் கிட்டிய பத்தாக்கி, கடைசி இலக்கத்தை விட்டு எழுதிய எண்கள் அவை. ஓடுபாதையை நெருங்குமிடத்தில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் உண்டு: இரண்டு முழுக்கோடுகள், இரண்டு விட்டுவிட்டு வருபவை. முழுக்கோட்டுப் பக்கமிருந்து வரும் விமானி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அநுமதியின்றி அவற்றைத் தாண்டலாகாது. இறங்கி வெளியேறுகிறவரோ விடுகோட்டுப் பக்கமிருந்து வந்து, தாண்டியே தீரவேண்டும். மீமாம்ஸகர்கள் பாடுபட்டுப் பிரித்த விதியும் நிஷேதமும் இங்கே ஒரே சாயத்தில், வருகிறவரின் திசையை மட்டும் பொறுத்து நிற்கின்றன.

“கீழே இருப்பவனுக்குத் தன் கோடு மட்டுந்தான், எனக்கோ முழுக் கோலமும் தெரிகிறது. முண்டக உபநிஷத்தில் பழம் உண்ணாமல் பார்த்துக்கொண்டே இருக்கிற பறவை நான்தானய்யா” என்றார் சிநேகிதர் ஒரு நாள்.

எனக்கு அது ஒப்பவில்லை. பெரிய விமானங்களில் முன்சக்கரம் விமானியின் ஆசனத்துக்கும் பின்னால் அடியில் இருப்பதால், தம் காலடியில் கோடு இருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது. விமானம் நிறுத்துமிடத்தில், எதிரே தரையில் இரு கைக்கோல்களை அசைத்து நிற்கும் ஒருவரை நம்பியே அவர் அங்குலம் அங்குலமாக முன்னேறி நிற்கிறார். கோலத்தைக் காணாமலே கோட்டைத் தவறாமல் அநுஷ்டிக்கும் அந்த அறிவை, குன்றின்மேல் கிடைக்கும் அறிவுக்குக் கீழ்ப்படி என்று எந்த நியாயத்தால் சொல்வது? தவிர, அந்த உபநிஷத்துப் பறவை வேறொரு குன்றில் போய் உட்காரவில்லை. உண்ணும் பறவையோடு அதே மரத்தில், தோளோடு தோளாக இருக்கிறது. பற்றின்மை வேறு, தூரம் வேறு. 1863இல், இதே பக்கத்துப் பல்லாவரத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்ததும் ஒரு சரளைக் குழியில்தான். உயரத்திலிருந்து பார்த்திருந்தால் அது வெறும் கல்.

விமான நிலையத்துக்குள் எழுத்துமூலமான அநுமதியின்றிப் படம் எடுக்கலாகாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகள் சொல்லின. கர்ப்பக்கிருஹத்திலும் நாம் காமிராவை உறைக்குள் போட்டுவிடுகிறோம். காரணங்கள் வெவ்வேறு. ஆனால் உள்ளே நிற்கிறவனைப் பார்வையாளனாக இருக்கவிடாமல் செய்வதில் இரண்டும் ஒன்றே என்று தோன்றுகிறது, நண்பர் இதைக் கேட்டால் கோபிப்பார்.

கோபிக்கவில்லை. மறுவாரம் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து, அந்த நான்கு கோடுகளைக் காட்டுவதாக விரலால் தேடினார். குறுக்கே ஒரு மஞ்சள் இழைதான் இருந்தது. எந்தப் பக்கம் முழுமை, எந்தப் பக்கம் இடைவெளி என்று இருவருக்கும் தெரியவில்லை. “பார்த்தீரா, அபேதம்!” என்று சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் தேடத் தொடங்கினார்.