அத்தையின் வெறுங்கால்

எட்டு வருடம் கழித்து, குடும்பத்தின் பதினோரு பேரும் கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒன்றுகூடினோம். சனிக்கிழமை யூதத் தெருவுக்குப் போனால் ஜெப ஆலயம் மூடியிருந்தது. அன்று யூதர்களுக்கு ஓய்வுநாள். பக்கத்திலேயே அரண்மனை. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை ஆயிற்று. அங்கே ராமாயணச் சுவரோவியங்களைக் காட்டி அத்தை பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். அன்று பிற்பகல் முழுக்க அதிலேயே போயிற்று. அதைவிட நல்ல பிற்பகல் எங்களுக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் ஜெப ஆலயம் திறந்திருந்தது. கட்டியது 1568-ல். வெளியே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் எபிரேய, ரோமன், மலையாள எண்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையெல்லாம் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலப்பூ ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். "இதை எப்படிடா மிதிக்கிறது?" என்று அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கையைப் பிடித்து மெல்ல நடத்தினேன்.

1948-க்குப் பிறகு இத்தெருவின் யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக இஸ்ரேல் போய்விட்டன. அவர்களின் பிள்ளைகள் இங்கே வரும்போது எந்த வீட்டு வாசலில் நிற்பார்கள் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. படகுத்துறைக்குப் போகும் வழியில் அத்தை கேட்டார்: "நம்ம ஊர் வீட்டை விற்கப் போறதா சொன்னீங்களே, கையெழுத்துப் போட்டாச்சா?"