எத்தனை நாளைக்கு நிரந்தரம்?

நம் நாட்டில் காப்புக் காட்டுக்கு மலாய் மொழியில் 'ஹுத்தான் சிம்பானான் கெக்கால்' என்று பெயர். 'கெக்கால்' என்றால் நிரந்தரம். ஆனால் 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அந்த நிலத்தில் இதைவிடப் பெரிய பொருளாதாரப் பயன் இருக்கிறது என்று மாநில அரசு கருதினால், காப்பிலிருந்து எடுத்துவிடலாம். 2021இல் கோலலங்காட் வடக்குக் காட்டில் 536 ஹெக்டேருக்கு மேல் அப்படித்தான் எடுக்கப்பட்டது. தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்து நின்ற பிறகே, செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவை ரத்து செய்தது.

நான் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இதைப் பேச ஆரம்பித்தாலே நம் பையன்கள் கேட்பார்கள்: "காட்டை அழிச்சுதானேண்ணே நம்ம தாத்தா பாட்டனுக்குச் சோறு கிடைச்சது?" உண்மைதான். காடு வெட்டித்தான் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. வெட்டியது நம் கை. லாபம் போனது வேறு இடத்துக்கு. பின்னால் தோட்டங்களை விற்று வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், கோயிலைப் பெயர்க்கச் சொன்னார்கள். அப்போது சொன்ன காரணமும் இதே 'பெரிய பயன்'தான். அந்த வார்த்தையின் ருசி நமக்குத் தெரியாததா?

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்கு இருக்கும் நாம், இனிமேல் பிறக்கப்போகிறவர்களின் கையைக் கட்டிப்போடலாமா? அவர்களுக்கு நிலம் தேவைப்பட்டால் என்ன செய்வது?

ஜெலுபு மாவட்டத்தில் சிம்பாங் பெர்த்தாங் பக்கம் இருக்கிறது பாசோ காடு. சுற்றிலும் பெரும்பாலும் செம்பனை. உள்ளே ஆய்வுக்கென்று 1980களில் ஒதுக்கிய 50 ஹெக்டேரில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மரவகைகள். அதே காட்டில் 1950களில் மரம் எடுத்த பகுதியும் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து அளந்தபோதுகூட அது நடுக்காடு மாதிரி ஆகவில்லை. மரம் எடுத்துவிட்டு விட்ட காட்டுக்கே இந்தக் கதி என்றால், வேரோடு அழித்து வீடு கட்டிய காட்டை என்ன சொல்ல? காட்டை விட்டுவைத்தால் பேரன் வைத்துக்கொள்ளலாம், வெட்டவும் செய்யலாம். வெட்டிவிட்டால் அவன் கேட்பதற்கே ஒன்றும் இல்லை. கையைக் கட்டிப்போடுவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

கொடுத்த தானத்தைத் திரும்ப வாங்கக் கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். சோழர்கள் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தபோது, சந்திரன் சூரியன் உள்ளவரை என்று கல்லில் வெட்டினார்கள். அடுத்து வரும் ராஜா மனசு மாறலாம் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், ஊரே வந்துபோகும் கோயில் சுவரில் எழுதினார்கள். ஊர்ச்சபையிடம் பொறுப்பையும் கொடுத்தார்கள்.

2022ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் கிட்டத்தட்ட அந்தச் சுவர் மாதிரிதான். காப்புக் காட்டை விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். மாநிலம் அதை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். நெகிரி செம்பிலானில் அப்படி ஒரு விசாரணை என்று அறிவிப்பு வந்தால், நம்மில் யார் போய் உட்காரப் போகிறோம்? கோயில் கமிட்டித் தேர்தலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி வந்தாலே மண்டபம் நிறைந்துவிடும்.