தடித்த எழுத்தும் தெய்வ வாக்கும்

கோவில் முகப்பிலும் தேவாலய வாசலிலும் வேதநூலின் மேலட்டையிலும் மெலிந்த எழுத்தை நாம் விரும்புவதில்லை. கோடு தடித்து, நுனி சற்றே விரிந்து முடியும் எழுத்துருவையே தேடுகிறோம். ரோமன் எழுத்தில் இவ்வகைக்குப் பேர்போன ஆல்பர்டஸ், 1932-இல் அச்சுக்கலை அறிஞர் ஸ்டான்லி மாரிசன் கேட்டுக்கொண்டதால் வடிவமைப்பாளர் பெர்தோல்ட் வோல்பே வரையத் தொடங்கியது. வெண்கலப் பலகையில் சுற்றிலும் செதுக்கி நீக்கி எழுத்தைப் புடைத்து நிற்கவைக்கும் வேலையிலிருந்து பிறந்த வடிவம் அது. அதனால்தான் அச்சில் வந்தாலும் 'நான் அழியமாட்டேன்' என்ற தோரணை அதற்கு உண்டு. அந்தத் தோரணை சொல்லுக்குப் புனிதம் சேர்க்கிறதா என்பதே கேள்வி. குமரி மாவட்டத்தின் சான்றுகள் 'இல்லை' என்கின்றன.

மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், 9-ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. சமணர் பள்ளியாக இருந்த அந்த இடம் பின்னாளில் பகவதி கோவிலாயிற்று. பாறையில் வெட்டிய எழுத்து நின்றது. அதை வாசித்தவர்கள் போய்விட்டார்கள், அவர்களது வழிபாடும் போய்விட்டது. இன்று அதைப் படிக்கக் கல்வெட்டறிஞர் வேண்டும். இதற்கு நேர்மாறானது, 1841-இல் ஹரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதிய, அய்யாவழியினரின் வேதநூலான அகிலத்திரட்டு அம்மானை. எழுத்தாணிக் கீறலுக்குத் தடிமன் கிடையாது. ஓலைக்கோ ஆயுளும் குறைவு. அச்சேறியது 1939-இல்தான். ஆனாலும் சுவாமித்தோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் அதைப் படிக்கும் திருஏடு வாசிப்பு நடக்கிறது. சொல்லைப் புனிதமாக வைத்திருப்பது வாசிக்கிற வாயும் கேட்கிற காதுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

பாறையில் வெட்டாமல் இருந்திருந்தால் சிதறாலில் சமணர் இருந்ததே தெரியாமல் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எழுத்து காத்தது சாட்சியத்தை, பக்தியை அல்ல. தடித்த எழுத்தின் நேர்மையான பயனும் அதுவே. கல்லறையில் ஒரு பெயர், வாசலில் ஊரும் ஆண்டும், அட்டையில் நூலின் தலைப்பு: 'இதை மறக்கக் கூடாதென்று ஒருவர் நினைத்தார்' என்று அது சொல்லும். அவர் நினைத்தது உண்மையா என்பதை அதனால் சொல்ல முடியாது.

அப்படியானால் வடிவமே பொருட்டில்லையா, தெய்வ வாக்கை எப்படியும் அச்சிடலாமா என்பது அடுத்த மறுப்பு. வடிவம் பொருட்டுதான், ஆனால் வாசகருக்காக. சுழிகள் நிறைந்த ண, ஞ போன்ற எழுத்துகளைத் தடிமனாக்கினால் உள்வெளி அடைபடும். நாலு வரிக்குள் கண் சோர்ந்துவிடும். தரங்கம்பாடியில் மிஷனரிகள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715-இல் மீதியை முடித்தார்கள். முன்பகுதி பெரிய எழுத்திலும் பின்பகுதி சிறிய எழுத்திலும் இருப்பதால் எந்த விசுவாசியும் ஒன்றை மற்றதைவிடக் குறைவாக மதிப்பதில்லை. தலைப்பில் கனத்த எழுத்து ஒருவரை நிறுத்தலாம். அதற்கு அந்த உரிமை உண்டு. நின்றவரை நம்பவைக்கும் வேலையையும் அதன் தலையிலேயே சுமத்துகிற மதம், தன் சொல்லின்மேல் தனக்கே நம்பிக்கையில்லை என்று ஒப்புக்கொள்கிறது.