விழுந்த தோழரும் எழுந்த சிரிப்பும்

உம்முல் முஃமினீன் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் மினாவில் தங்கியிருந்த சமயம், குறைஷி வாலிபர்கள் சிலர் சிரித்துக்கொண்டே அவர்களிடம் வந்தனர். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று நாயகி அவர்கள் வினவினார்கள். இன்னார் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்துவிட்டார். கழுத்தோ கண்ணோ போயிருக்க வேண்டியது, தப்பித்துக்கொண்டார் என்று அவ்வாலிபர்கள் விவரம் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம் என்று நாயகி அவர்கள் தடுத்தார்கள். ஒரு முஸ்லிமுக்கு முள் தைத்தாலும், அதற்கு மேற்பட்ட எது நேர்ந்தாலும், அதன் காரணமாக அவருக்கு ஒரு பதவி எழுதப்பட்டு, ஒரு பிழை அழிக்கப்படுகிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிருப்பதாகவும் அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இதை மட்டும் படித்து நிறுத்திக்கொள்பவர், அடிபட்டவரைக் குறித்துச் சிரிப்பதே ஆகாது என்று முடிவு கட்டிவிடக் கூடும். ஆனால் இப்னு மாஜாவின் கிரந்தத்தில், மருத்துவம் பற்றிய பகுதியில், வேறொரு செய்தி காணக் கிடக்கிறது. ஸுஹைப் (ரலி) அவர்கள் கண்நோயோடு நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்தார்கள். அண்ணலாருக்கு முன்னால் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இருந்தன. அருகில் வந்து உண்ணும்படி அழைத்தார்கள். ஸுஹைப் அவர்கள் பேரீச்சம்பழத்தில் கை வைத்ததும், கண்நோயை வைத்துக்கொண்டா பேரீச்சம்பழம் உண்கிறீர் என்று கேட்டார்கள். நோயில்லாத மறுபக்கத்தால் அல்லவா மெல்லுகிறேன் என்று ஸுஹைப் அவர்கள் பதில் சொன்னார்கள். அண்ணலார் புன்னகை பூத்தார்கள்.

அங்கே கயிறு தடுக்கியவர். இங்கே கண் சிவந்தவர். அங்கே சிரிப்பு தடுக்கப்பட்டது. இங்கே சிரிப்பு அண்ணலாரின் திருமுகத்திலேயே தோன்றியது. இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்க்கும் மாணவர் திகைப்பது இயல்பே. திகைக்காமல் கடந்து போகிறவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஏனெனில் இது ஏட்டில் மட்டும் எழுகிற கேள்வியன்று. நம்மிடையே ஒருவர் வழுக்கி விழுந்தாலும், சுத்தியலால் தம் பெருவிரலையே அடித்துக்கொண்டாலும், இரக்கம் வந்து சேருமுன் சிரிப்பு வந்துவிடுகிறது. அதை நற்குணமென்று கொள்வதா, கல்நெஞ்சமென்று தள்ளுவதா?

இரு நிகழ்ச்சிகளையும் மீண்டும் கூர்ந்து நோக்குவோம். மினாவில் விழுந்தவர் அந்த அவையில் இல்லை. அவருடைய வீழ்ச்சி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது; அவர் வரவில்லை. தம் பக்கம் ஒரு சொல் சொல்ல அவருக்கு நாவில்லை. மேலும், அவரை எழுப்பிவிட்டு வந்தார்களா, கழுத்து நோகிறதா என்று விசாரித்தார்களா என்பது பற்றி ஒரு வார்த்தையும் அச்செய்தியில் காணோம். ஸுஹைப் அவர்களோ எதிரிலேயே அமர்ந்திருக்கிறார்கள். பகடி வருவதற்கு முன்னால் அழைப்பு வந்துவிட்டது. உணவில் பங்கு கிடைத்துவிட்டது. அதன்பின் வந்த கேள்வியும் ஒரு வாயிலைத் திறந்து வைத்ததே தவிர, அடைக்கவில்லை. அவ்வாயில் வழியே ஸுஹைப் அவர்கள் புகுந்து அழகானதொரு பதிலைச் சொன்னார்கள். வாய் மெல்லுவதற்கும் கண் நோவதற்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம்; அந்தச் சம்பந்தமின்மையில்தான் அப்பதிலின் சுவையே இருக்கிறது. கடைசி வார்த்தை நோயாளியுடையதாக அமைந்தது. புன்னகை அந்தப் பதிலுக்குக் கிடைத்த பரிசேயன்றி, நோயைக் கண்டு வந்ததன்று.

அப்படியானால், ஆள் எதிரில் இருந்தால் போதுமா? போதாது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக்குக்காக அராக் மரத்தில் ஏறியபோது காற்று அவர்களை அசைத்தது. மெலிந்த கால்கள் வெளியே தெரிந்தன. கீழே நின்ற தோழர்கள் சிரித்துவிட்டார்கள். ஆள் எதிரில்தான் இருந்தார். சிரித்தவர்களும் அன்புடைய தோழர்களே. ஆயினும் அந்தக் கால்கள் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று கூறி, அண்ணலார் அந்தச் சிரிப்பைத் திருத்தினார்கள். கண்நோய் நாளை தீரும். மெலிந்த கால் அவ்வாறன்று. தீருகிற ஒன்றைப் பற்றிப் பேசுவதும், மனிதன் தன்னோடு கப்ருவரை சுமந்து செல்கிற ஒன்றைப் பற்றிப் பேசுவதும் சமமாகா.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் நாவின் ஆபத்துகள் இருபதை எடுத்துரைக்கையில், மிஸாஹ் எனும் பகடியைப் பத்தாவதாகவும், ஸுக்ரிய்யா எனும் ஏளனத்தைப் பதினொன்றாவதாகவும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரு சுவருக்கு இருபுறமும் குடியிருப்பவை என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது. ஒருவருடைய கையெழுத்தைக் கண்டு சிரிப்பதையும், அவருடைய கைவேலையைக் கண்டு சிரிப்பதையும் இமாம் அவர்கள் ஏளனத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனால் உடனே ஒரு நிபந்தனையையும் சொல்கிறார்கள்: யார் அதனால் மனம் புண்படுகிறாரோ அவர் விஷயத்தில்தான் அது ஹராம். தம்மைத் தாமே சிரிப்புக்குப் பொருளாக்கிக்கொண்டு அதில் மகிழ்கிறவர் விஷயத்தில் அதே செயல் பகடியின் பக்கம் சேர்ந்துவிடும். சொல் ஒன்றே, கேட்பவரின் உள்ளம் அதன் பெயரை மாற்றிவிடுகிறது. சட்டத்தை நாவில் வைக்காமல் எதிராளியின் இதயத்தில் வைத்திருக்கிறார்கள் இமாம் அவர்கள். இது எளிய சட்டமன்று. சொல்லும் நமக்கு அந்த இதயத்தின் திறவுகோல் தரப்படவில்லையே!

அந்தத் திறவுகோலை ஓரளவு பெற்றிருப்பவர்கள் பழைய தோழர்கள். அதிலும் ஒன்றாக வேட்டையாடியவர்கள். சிரியா நாட்டு ஷைஸர் கோட்டையில் 1095ஆம் ஆண்டு பிறந்து, 1188இல் மறைந்த உஸாமா இப்னு முன்கித், முதுமையில் சொல்லிவைத்த ‘கிதாபுல் இஃதிபார்’ எனும் நூலின் இறுதிப் பகுதி முழுவதும் வேட்டையைப் பற்றியதே. அவருடைய தந்தை முர்ஷித், திருக்குர்ஆனைத் தம் கையால் பிரதியெடுப்பதையும் வேட்டையையும் தவிர வேறெதிலும் பெரிதாக நாட்டம் கொள்ளாதவர். ராஜாளி, வேட்டை நாய், சிறுத்தை ஆகியவற்றோடு ஒரு கூட்டமாகக் கிளம்பி, சிங்கத்தையும் எதிர்கொண்டு திரும்பிய மனிதர்கள் அவர்கள்.

அவர்களிடையே நடந்த ஒரு பேச்சை உஸாமா பதிவு செய்திருக்கிறார். கோட்டைக்கு அதிபதியான அவருடைய சிறிய தந்தை சுல்தான் பெரும் வீரர். ஆனால் எலியைக் கண்டால் முகம் வெளிறி, அவ்விடத்தை விட்டே எழுந்து போய்விடுவார். அவருடைய சேவகர் ஸுந்தூக் என்பவரும் வீரர். அவருக்கோ பாம்பென்றால் நடுக்கம். ஒருநாள் முர்ஷித் அந்தச் சேவகரிடம், இவ்வளவு வீரரான நீர் பாம்புக்கு அஞ்சுவது வெட்கமில்லையா என்று கேட்டார். இதிலென்ன அதிசயம், மாவீரர் ஒருவர் எலிக்கே செத்துச் செத்துப் பிழைக்கிறாரே என்று சேவகர் பதிலளித்தார். அந்த மாவீரர் பக்கத்திலேயே இருந்தார்! அவரும் ஒரு செல்லச் சாபம் இட்டதோடு நிறுத்திக்கொண்டார். அரசர், அரசரின் தமையன், சேவகர் ஆகிய மூவருக்கும் அந்தப் பேச்சில் இடமிருந்தது. சேவகர் திருப்பிச் சொல்ல முடிந்ததே, அங்கே நடந்தது ஏளனமன்று என்பதற்குச் சான்று. வாளெடுத்தவரை எலி வென்றது என்று சொல்லிச் சிரிக்கும்போது, அவர் வாளெடுத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லியாகிறது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு புகழுரை ஒளிந்திருக்கிறது.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஷைஸரில் மிக உயரமும் பருமனும் வாய்ந்த ஒருவர் தம் வீட்டில் உட்காரும்போது துணியின்மீது கையை ஊன்றினார். துணியில் இருந்த ஊசி உள்ளங்கையில் ஏறியது. அதனாலேயே அவர் மரணமடைந்தார். அவருடைய முனகல் கோட்டை வரை கேட்டதாம். போர்க்களத்தில் ஈட்டி பாய்ந்தும் பிழைத்தவர்களைக் கண்ட உஸாமா, வீட்டுக்குள் ஓர் ஊசியால் மாண்டவரையும் கண்டு, அஜல் எனும் தவணையின் விந்தையை எண்ணி வியக்கிறார். ஊசி குத்திய முதல் நாளில் அண்டை அயலார் சிரித்திருப்பார்களோ என்னவோ! இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய ஊசியா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். காயத்தின் அளவை முதல் நாளில் அளந்துவிட முடியாது. வைத்தியர் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லும் வரை பகடி வாயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், துப்பாக்கியும் தோளுமாகத் தோழர்கள் காட்டுக்குள் புகுந்த காலம் பழங்கதையாகிவிட்டது. ஆயினும் குளக்கரையில் சேர்ந்து தூண்டில் போடுகிறவர்கள், சேர்ந்து ஸியாரத்துக்குப் புறப்படுகிறவர்கள், இரவெல்லாம் கந்தூரிக் கடாவுக்குக் காவலிருந்தவர்கள் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். இத்தகைய கூட்டத்தில் ஒருவர், பெருநாள் வருகிறதென்று, கூலி மிச்சமாகட்டும் என்றும், தமக்கும் கைவேலை தெரியும் என்றும், சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறுகிறார். பாதிச் சுவரில் ஏணி சறுக்குகிறது. கணுக்காலில் கட்டு, தலைமயிரிலும் தாடியிலும் சுண்ணாம்பு. தோழர்கள் இயாதத் செய்ய வருகிறார்கள். பனைமரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்தவர், பத்தடி ஏணியிலிருந்து இறங்கத் தெரியாமல் போனாரே என்கிறார் ஒருவர். சுவரைவிடத் தாடிக்குத்தான் வெள்ளை நன்றாகப் பிடித்திருக்கிறது என்கிறார் மற்றொருவர். படுத்திருப்பவர் வலியோடு சிரிக்கிறார்.

இதைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால், வேறொரு வகை விசாரிப்பைக் கேட்டவர்களுக்கு இது மருந்தாகவே படும். இப்படித்தான் எங்கள் மச்சானுக்கும் கால் பிசகியது, கடைசியில் புரையோடிப் போயிற்று என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைவிடப் பகடிக்காரர் எவ்வளவோ மேல். நோயாளியிடம் செல்லும்போது அவருடைய ஆயுள் விஷயத்தில் நம்பிக்கை தரும்படி ஓர் ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. அறிவிப்பாளர் வரிசையில் பலவீனமுண்டு என்றாலும், அதன் கருத்தை அறிஞர்கள் போற்றியே வந்துள்ளனர். தோழரின் பகடி அந்த நம்பிக்கையைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. சாகப் போகிறவரிடம் யாரும் தாடியின் வெள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை. நீர் எழுந்து நடக்கத்தான் போகிறீர், மீண்டும் எங்களோடு வரத்தான் போகிறீர் என்பதே அதன் உட்பொருள். ஆயிஷா நாயகி அவர்கள் தலைவலியால் முனகியபோது, என் தலையல்லவா நோகிறது என்று அண்ணலார் மறுமொழி சொன்ன செய்தி புகாரீயில் உண்டு. அந்த உரையாடலினிடையே நாயகி அவர்கள், நான் மறைந்தால் அன்று மாலையே தாங்கள் மற்றொரு மனைவியோடு இருப்பீர்களே என்ற பொருளில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. நோவுக்கிடையே இவ்வளவு உரிமையோடு பேசும் வீடு எவ்வளவு நெருக்கமான வீடு!

இனி அதே ஏணியில் ஒரு கூலியாளை ஏற்றிப் பாருங்கள். அதே உயரம், அதே சறுக்கல், அதே கணுக்கால். வீட்டுக்காரர் திண்ணையில் அமர்ந்து அதே சொற்களைச் சொல்கிறார். கூலியாளும் சிரிக்கிறார். ஆனால் அவருடைய அடுப்பு நாளைக்கு எரியுமா என்பது அந்தக் கணுக்காலைப் பொறுத்தது. பாக்கிக் கூலி கைக்கு வருமா என்பது அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பொறுத்தது. அவர் சிரிக்காமல் வேறென்ன செய்வார்? இமாம் கஸ்ஸாலி அவர்கள் சொன்ன நிபந்தனையின் கடினம் இங்கேதான் விளங்குகிறது. சிரிப்பது மகிழ்ச்சிக்கு அடையாளம் என்று எண்ணி, அவர்தான் சிரித்தாரே என்று சாட்சி காட்டுவது செல்லாது. திருப்பிச் சொல்ல முடியாதவரின் சிரிப்பு சம்மதமாகாது. ஸுந்தூக் தம் எஜமானரின் எலியை எடுத்துக் காட்ட முடிந்தது. நம் வீட்டுக்கு வரும் கொத்தனாரோ வெள்ளையடிப்பவரோ நம்முடைய எலியைச் சுட்டிக்காட்ட முடியுமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் கேட்கத்தக்க முதல் கேள்வி வைத்தியருக்கு ஆள் அனுப்பியாயிற்றா என்பது; இரண்டாவது, படுத்திருக்கும் நாட்களுக்கு வீட்டுச் செலவு என்ன என்பது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பகடி கட்டிலருகே நிற்பதில்லை. தெருவில் இறங்கிப் பட்டப்பெயராகிவிடுகிறது. ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்தவர் ‘ஏணி’ ஆகிறார். காயம் நாற்பது நாளில் ஆறுகிறது. பெயரோ அவருடைய மகனுக்கும் வந்து சேர்கிறது. பேத்தியின் நிக்காஹ் பேச்சில் ‘ஏணி வீட்டுப் பெண்’ என்கிறார்கள். அந்தப் பிள்ளை ஏணியையே பார்த்திராது! திருக்குர்ஆன் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினொன்றாம் வசனம், ஏளனத்தை விலக்கிய அதே மூச்சில் பட்டப்பெயரையும் விலக்குவதன் நுட்பம் இதுவாக இருக்கலாம். விழுந்தவர் தம் வீழ்ச்சியைத் தாமே கதையாகச் சொல்லிச் சிரிக்க வைக்கும் வரை கதை அவருடைய சொத்து. ஊரார் எடுத்துக்கொண்டால் மினாவில் நடந்தது நம் தெருவில் நடக்கிறது. ஆள் இல்லாமல் வீழ்ச்சி மட்டும் வீடு வீடாகச் செல்கிறது.

அண்ணலாரின் பகடிச் செய்திகளைக் காட்டி நாளெல்லாம் கேலி பேசித் திரிபவருக்கும் இமாம் அவர்கள் விடை வைத்திருக்கிறார்கள். பெருநாளன்று அபிசீனியர்களின் ஆட்டத்தைக் காண ஆயிஷா நாயகிக்கு அனுமதி கிடைத்ததைச் சொல்லி, தினமும் ஆட்டக்காரர்கள் பின்னால் சுற்றுகிறவனுக்கு அவனை ஒப்பிடுகிறார்கள். அண்ணலார் பகடியிலும் உண்மையையே சொன்னார்கள் என்பதை அவன் வசதியாக மறந்துவிடுகிறான். பகடிக்கு ருசி கூட்டவென்று ஏணியின் உயரத்தை இரட்டிப்பாக்கி, அவர் அலறாத அலறலையும் சேர்ப்பவர் இதைக் கவனிப்பாராக.

கட்டிலைச் சுற்றியிருக்கும் தோழர்களிடம் திரும்புவோம். தேநீர் வந்துவிட்டது, பேச்சு ஓய்கிறது. வெளியே பாதி வெளுத்த சுவர், பெருநாளுக்கு இன்னும் நான்கே நாள். அவர்களில் ஒருவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சுண்ணாம்பு மட்டை எங்கே என்று கேட்டு வாங்கிப் போவதுண்டு. அவர் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டதும், படுத்திருப்பவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்த ஏறும் இலட்சணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விடமாட்டார்.