தெரிந்தவன் கொடுக்கும் விலை

விருதுநகரில் விலையை ஊரே கூடிச் சொல்கிறது. மிளகாய் வற்றலுக்கும் உளுந்துக்கும் நல்லெண்ணெய்க்கும் அங்கே இன்ன விலை என்று ஆனால், பத்திரிகைகள் அதை 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று அச்சிடுகின்றன. எங்கோ ஓர் ஊரில் பலசரக்குக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தம் விலையைத் திருத்திக் கொள்கிறார். பக்கத்துச் சிவகாசியில் வேறொரு விளையாட்டு. பட்டாசுப் பெட்டியின்மேல் ஒரு விலையை அச்சடித்துவிட்டு, அதில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று விற்பார்கள். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆகையால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஊர் விலையும் இல்லாமல், அச்சு விலையும் இல்லாமல் ஒரு பொருள் இருந்தால் அதற்கு என்ன கொடுப்பது நியாயம்? சிவகாசியில் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பருக்கு இந்தச் சங்கடம் வந்தது.

அவர் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர். இரவில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களுடன் பேசிக் கொண்டிருப்பார். அவருடைய பழைய டிரான்ஸ்மிட்டருக்கு உயிர் 807 என்ற வால்வு. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1936-ல் வெளியிட்ட வால்வு அது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக ஏராளமாகச் செய்தார்கள்; போர் முடிந்ததும் உபரிச் சரக்காகக் கொட்டிக் கிடந்தது. அன்று மலிவு என்பதற்காகவே உலகெங்கும் அமெச்சூர்கள் அதைத் தேடிக் கொண்டார்கள். இன்று கதை வேறு. கிட்டார் வாசிப்பவர்களின் ஆம்பிளிஃபயருக்கு வேண்டிய ஈ.எல்.84 வால்வை ஸ்லோவாக்கியாவில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள்; அதற்குக் கம்பெனி விலை உண்டு. பழைய 807-க்கோ, தேடுகிறவனின் அவசரம்தான் விலை. போதாக்குறைக்கு, உள்ளேயிருக்கும் கேதோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

விருதுநகரில், காலமாகிவிட்ட ஒரு ரேடியோ மெக்கானிக்கின் வீட்டில் நண்பர் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தார். சாதாரண ரேடியோ வால்வுகளுக்கு நடுவில் ஐந்து 807. மெக்கானிக்கின் மனைவி, "பழைய இரும்புக்காரர் பெட்டியோடு முந்நூறு ரூபாய் தர்றேன்னாரு. நீங்க நானூறு குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி" என்றார். ஐந்தில் ஒரு வால்வே அந்த நானூறுக்கு மேல் பெறும் என்று நண்பருக்குத் தெரியும். "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் பலர் சொல்வார்கள். கேட்ட விலை, அதுவும் இரும்புக்காரரைவிட நூறு ரூபாய் அதிகம். பல வருஷம் சாலிடரிங் புகையைச் சுவாசித்துச் சேர்த்த அறிவுக்கு ஒரு கூலி வேண்டாமா? அவர் வராவிட்டால் அந்த வால்வுகள் உடைபட்டுப் போயிருக்கும். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அறிவுக்கு லாபம் இல்லை என்றால் உலகில் வியாபாரமே இல்லை.

ஆனால் ரோமாபுரியில் ஸ்கேவோலா என்று ஒருவர் இருந்தார். ஒரு நிலத்தை வாங்கப் போனவர், "ஒரே விலையாகச் சொல்" என்றார். விற்பவன் சொன்னான். "நிலம் அதற்கு மேல் பெறும்" என்று கூறி, கேட்டதற்கு மேல் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தார். இதை எழுதி வைத்த சிசரோ இன்னொன்றையும் எழுதுகிறார்: நல்லவன் செய்கிற காரியம் அது என்பதை யாரும் மறுக்கவில்லையாம், புத்திசாலி செய்கிற காரியம் அல்ல என்றுதான் சொன்னார்களாம். இரண்டாயிரம் வருஷமாகியும் நம் கடைத்தெருவில் இதே பேச்சுத்தான். வள்ளுவர் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்றார். அதைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவுநிலைமையின் கடைசிக் குறளாக வைத்தார்.

ஸ்கேவோலா அளவுக்கு நான் போகவில்லை. அவர் பணக்காரர், என் நண்பர் மாதச் சம்பளக்காரர். அந்த அம்மாளுக்கு அவர் கடன்பட்டிருப்பது பணம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, செய்தி. பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர் நானூறுக்கே கொடுத்தால் அது விலை. தெரியாமல் கொடுத்தால், அவர் கொடுத்தது 'பழைய கண்ணாடி'. இவர் எடுத்துக் கொண்டது வேறு பொருள். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசாதபோது பேரம் எங்கே நடந்தது?

இதைத்தான் அவரிடம் சொன்னேன். "சொன்னால் விலையை ஏற்றிவிடுவாரே" என்றார். ஏற்றட்டுமே, அது அவருடைய உரிமை அல்லவா?

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். எதிர்பார்த்தபடியே அம்மாள் முகம் மாறியது. "அப்போ இதுல நெறைய இருக்குதுன்னு சொல்லுங்க" என்று பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார். நண்பர் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தில் இரண்டு வால்வுகளில், கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சாக இருக்க வேண்டிய கறை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காற்று புகுந்துவிட்டது, அவை உதவாது. முதல் உண்மையைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லியிருந்தால் அது வெறும் பேரத் தந்திரமாகியிருக்கும். அம்மாள் வெளுத்த வால்வு இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த மூணுக்கும் நீங்களே ஒரு விலை சொல்லுங்க. எம் மகன் மதுரையில இருக்கான், அவன்கிட்டயும் கேட்டுக்கிறேன்" என்றார்.

நண்பர் தம்மால் முடிந்த தொகையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மதுரையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. டிரான்ஸ்மிட்டர் துணி போர்த்தியபடி மாடியில் இருக்கிறது.