கூட இருப்பவள்

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று மாதமாக வகுப்புக்கு வரவில்லை. போன் செய்து கேட்டேன். “தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் மேடம். அம்மா ஆஸ்பத்திரியில கூட இருக்காங்க. வீட்டுல சமைக்க ஆளில்ல” என்றாள். செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்றேன். “காப்பீட்டு அட்டை இருக்கு மேடம்.” நிம்மதியாக போனை வைத்தேன். அந்த நிம்மதியைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது அது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை இல்லாத காலத்தில் தாலிதான் அடகுக்குப் போனது.

ஆனால் அட்டை எதற்குப் பணம் தருகிறது? படுக்கைக்கும் மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயின் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நீளும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவளின் கூலி எந்தக் கணக்கிலும் வராது. அந்த அம்மா பனியன் கம்பெனியில் தைத்தவள், வேலை போய்விட்டது. அப்பா லோடு ஆட்டோவை நிறுத்தினால் அடுப்பு எரியாது. அண்ணன் ஐ.டி.ஐ.க்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். படிப்பு நின்றது மகளுக்கு.

இதைத் தியாகம் என்கிறோம். வேறு வழி இருந்தும் ஒருவர் தாமாக விட்டுக்கொடுப்பதுதான் தியாகம். இவர்களை யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

மத்திய அரசில் பணிபுரியும் பெண்ணுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளையின் நோய்க்காகவும் எடுக்கலாம். நோயுற்ற பிள்ளையோடு இருப்பது வேலைதான் என்று அரசுக்குத் தெரியும் என்றுதானே பொருள்? தைப்பவளுக்கும் களையெடுப்பவளுக்கும் மட்டும் அது பாசமாகிவிடுகிறது. 2023இல் மாதம் 1000 ரூபாய் வந்தபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். தொகை சிறியது, சொல் பெரியது. அந்தச் சொல் மருத்துவமனை வார்டுக்குள்ளும் வர வேண்டும்.

தாய்க்குப் பணம் கொடுத்தால் அவளைக் கட்டிலோடு கட்டிப்போடுவதாகாதா என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால்தான் அது அம்மாவுக்கான தொகையாக இல்லாமல், கூட இருப்பவருக்கான தொகையாக இருக்க வேண்டும். ஸ்வீடனில் கடும் நோயுள்ள பிள்ளையோடு இருக்க அம்மா, அப்பா இருவருமே வேலையிலிருந்து விலகி நின்று இழப்பீடு பெறலாம். இத்தனை நாள்தான் என்ற வரம்பு இல்லை. கூலி உண்டென்றால் அப்பாவும் பாய் விரிக்கலாம்.

அந்த மாணவிக்காக என்னால் முடிந்தது, வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் படிவத்தில் கையெழுத்திட்டது மட்டுமே. ‘காரணம்’ என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதியிருந்தாள். ‘வேலை’ என்று எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது தோன்றவில்லை.